முழங்காலுக்குப் பின்னால் 85 வாட்

சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் வேலை என்னால் போனது. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு என் முழங்காலுக்குப் பின்னால், முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிய, கறுப்புப் பெட்டியாக நின்றுகொண்டிருந்தது. அப்போது எனக்கு அது தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பாதி தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

சென்னையில் வார இறுதிகளில் உணவகங்களிலும் காபிக் கடைகளிலும் கிட்டார் வாசிக்கிறவன் நான். பகலில் வேறு வேலை. குழுவில் நாலு பேர்: பாடகி, டிரம்ஸ், பேஸ், நான். வாசிக்கும் இடங்களில் ஐம்பது அறுபது பேர் உட்காரலாம். மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. நாலு மேசையை நகர்த்தி, ஒரு ஜமுக்காளத்தை விரித்தால் அதுதான் மேடை. அப்படிப்பட்ட இடத்துக்கு நான் கொண்டுபோனது ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். அறுபதுகளின் மாடலை அந்தக் கம்பெனியே திரும்பத் தயாரித்தது. 85 வாட், நாலு 6எல்6 பவர் டியூப், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எடை 29 கிலோ. துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்ற லாரி கொண்டுவந்த கதைதான்.

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அங்கத்திய 120 வோல்ட் மாடல். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ப்யூஸ் போவதோடு நிற்காது. அதனால் ரிச்சி தெருவில் சொல்லி வைத்து ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செய்து வாங்கினேன். அது தனிக் கனம். இரண்டையும் ஆட்டோவில் ஏற்றும்போது டிரைவர் என்னைப் பார்ப்பார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

ஏன் இவ்வளவு பெரியது என்று கேட்டவர்களிடம் ஒரே பதிலைத்தான் சொல்லுவேன்: “ஹெட்ரூம்.” டியூப் ஆம்பில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஒலி உடைந்து கரகரக்கும். வாட் கூடுதலாக இருந்தால் அந்தக் கட்டம் தள்ளிப்போகும், அதுவரை சுத்தமான ஒலி கிடைக்கும். பொய்யில்லை, அத்தனையும் உண்மை. ஆனால் நான் அதை வாங்கிய காரணம் அதுவல்ல. பெரிய வாசிப்பாளர்களுக்குப் பின்னால் நிற்கும் பெட்டி என் பின்னாலும் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உள்ளே வருகிறவர்கள் வாசிப்பைக் கேட்கும் முன்னே பெட்டியைப் பார்த்து மதிக்க வேண்டும். ஹெட்ரூம் என்ற சொல்லைக் கொண்டு அந்த ஆசையை மூடி வைத்திருந்தேன்.

அந்தப் பையன் வேலை பார்த்த உணவகத்தில் நடந்தது இதுதான். ட்வினில் வால்யூம் 3-ஐத் தாண்டினாலே சின்ன அறை நிரம்பிவிடும். எனக்கு மட்டும் அது போதாதுபோல் தோன்றும். காரணம் எளிது. ஸ்பீக்கர் தரையில், என் முழங்கால் உயரத்தில் இருந்தது. கிட்டார் ஸ்பீக்கரிலிருந்து வரும் கூர்மையான ஸ்வரங்கள் டார்ச் வெளிச்சம்போல் நேர்க்கோட்டில்தான் போகும், பக்கவாட்டில் அதிகம் பரவாது. பெட்டியை ஒட்டி நின்ற என் காதுக்கு அந்தக் கூர்மை வரவில்லை. மங்கலாக இருக்கிறதே என்று ட்ரெபிளையும் வால்யூமையும் ஏற்றுவேன். எதிரே பத்தடியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தவருக்கோ அது காதில் ஊசியாக இறங்கியது. ட்வினின் இரு பக்கமும் சாய்த்து வைக்கக் கால்கள் இருக்கின்றன. ஒலி வாசிக்கிறவரின் முகத்தைப் பார்த்து வரட்டும் என்றுதான் அவற்றை வைத்தார்கள். சாய்த்து வைத்தால் பெட்டி கம்பீரமாகத் தெரியாது என்று நான் அவற்றை விரிக்கவே இல்லை.

நான் ஏற்ற ஏற்ற, பாடகிக்குத் தன் குரல் கேட்கவில்லை. தன்னை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் குரல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கை காட்டுவார். பையன் மானிட்டரை ஏற்றுவான். மானிட்டர் ஏறினால் அதிலிருந்து வரும் குரல் மறுபடி மைக்கில் புகும். ஒரு கட்டத்துக்கு மேல் ஹவுலிங். மைக் கூவும். இன்னொன்றும் உண்டு: பாடகியின் மைக்குக்குள் என் கிட்டாரும் போய்க்கொண்டிருந்தது. எனவே குரலை ஏற்றினால் கிட்டாரும் சேர்ந்து ஏறும். உலகத்தில் எந்த சவுண்ட் இன்ஜினியரை அந்த சவுண்ட் மேசையில் உட்கார வைத்திருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது.

இடைவேளையில் பையன் வந்து கேட்டான்.

“அண்ணே, கிட்டார் கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணே. வாய்ஸை எடுக்கவே முடியல.”

“இது டியூப் ஆம்ப் தம்பி. கம்மி பண்ணா டோன் போயிடும்.”

ட்வினைப் பொறுத்தவரை இது சுத்தப் பொய். குறைத்து வைத்தாலும் டோன் மாறாத ஆம்ப் ஒன்று உண்டென்றால் அது ட்வின்தான். குறைந்த வால்யூமில் மணிபோல் ஒலிப்பதற்குப் பேர்போனது. நான் சொன்ன பதில் வேறு வகை ஆம்புக்குப் பொருந்தும், என் ஆம்புக்குப் பொருந்தாது. அவனுக்கு அது தெரியாது என்று நினைத்தேன்.

ஷோ முடிந்ததும் மானேஜர் என்னிடம் வந்தார். “என்ன சார், மைக் இப்படிக் கூவுது? கஸ்டமர்லாம் சொல்றாங்க.” நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பையன் புதுசு சார். மிக்ஸிங் இன்னும் பிடிபடல.” அடுத்த முறை நாங்கள் போனபோது மேசையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அன்றும் மைக் கூவியது.

எங்கள் பேஸ் வாசிப்பவர் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர். வயதில் என் அப்பாவுக்குச் சமம். ஓட்டல்களில் நடனத்துக்கு வாசித்த காலத்து ஆள். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். பொதுவாக யாருக்கும் புத்தி சொல்ல மாட்டார். அன்று கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “சத்தமா வாசிக்கிறது உன் இஷ்டம் மேன். ஆனா உன் முட்டிக்குக் காது கெடையாது.” கொஞ்சம் கழித்து, “அந்தப் பையன் நல்லா பண்ணான்” என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்காதமாதிரி நான் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

வாட் கணக்கை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். படித்திருக்க வேண்டியது வாங்கும் முன்பு. சக்தி இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குச் சக்தி பத்து மடங்காக வேண்டும். அதாவது 85 வாட்டின் பாதிச் சத்தம் 42 வாட் இல்லை, எட்டரை வாட். 5 வாட் ஆம்பின் சத்தம் ட்வினில் பதினேழில் ஒரு பங்கு என்று நினைத்திருந்தேன். காதுக்கு அது பாதிக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். எங்கள் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் வந்ததே நாலைந்து வாட். அதில் செய்தி வாசித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்த மாதிரிப் பல ரேடியோக்களில் இருந்தது இஎல்84 என்ற வால்வு. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது, இஎல்84-உம் அங்கே செய்தார்கள். அதே வால்வு இரண்டைப் போட்டுத்தான் இங்கிலாந்தில் டிக் டென்னி 1958-இல் வெளிவந்த வோக்ஸ் ஏசி15-ஐ வடிவமைத்தார். என் தாத்தாவின் ரேடியோவைப் பற்றி ஒரு நிமிடம் நினைத்திருந்தால் 29 கிலோவைத் தூக்கியிருக்க மாட்டேன்.

பெரிய ஆம்புகள் ஏன் வந்தன என்பதும் அப்போதுதான் உறைத்தது. ரசிகர்களின் கூச்சல் கூடக்கூட 15 வாட் போதவில்லை, அதனால் ஏசி30 வந்தது. 1965-இல் தி ஹூ ராக் குழுவுக்கு அதுவும் போதாமல் ஆம்ப் தயாரிப்பாளர் மார்ஷல் 100 வாட்டுக்குப் போனார். அன்றைய ஒலிபெருக்கிகள் குரலைக் கொண்டுபோகவே திணறின, கிட்டாரை அரங்கத்தின் கடைசி வரிசை வரை தள்ளும் வேலை ஆம்பின் தலையிலேயே விழுந்தது. எனக்கு அந்தக் கட்டாயம் எங்கே இருந்தது? நாலடி தள்ளி மிக்ஸர் இருந்தது, கிட்டார் ஆம்புக்கு முன் வைக்க எஸ்எம்57 மைக் சவுண்ட் பையனிடம் இருந்தது, அதை வைக்க அவன் கேட்கவும் செய்தான். மைக் வைத்தால் என் டோன் இருக்காது என்று மறுத்ததும் நான்தான்.

ட்வினை விற்றேன். இத்தோடு கதை முடிந்து நான் திருந்தியிருந்தால் எழுதுவதற்கு இவ்வளவு கூச்சமாக இருக்காது. நான் செய்தது வேறு. நேரே எதிர்முனைக்குப் போய், ஒரே ஒரு இஎல்84 வைத்த 5 வாட் ஆம்ப் ஒன்று வாங்கினேன். இப்போது என் பேச்சு மாறியது. பவர் டியூபையே உடைய விட்டால்தான் உண்மையான ஒலி, முன்னால் இருக்கும் ப்ரீஆம்ப் டியூபை மட்டும் கரகரக்க வைப்பது போலி என்று டிரம்மரை உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். ‘லைலா’ ஆல்பத்துக்கு 1970-இல் மயாமியில் எரிக் கிளாப்டன் சின்ன ஃபெண்டர் சாம்ப் வைத்துத்தான் வாசித்தார் என்பேன். அது பதிவறை. ஆம்புக்கு ஒட்டினாற்போல் மைக், மற்ற வாத்தியங்கள் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மேசையில் முடிவுசெய்யலாம். அந்த விவரத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுவேன்.

உணவகத்தில் 5 வாட் என்ன ஆகும்? டிரம்மர் குச்சியால் ஸ்னேரை அடித்தால், பக்கத்தில் நிற்பவர் காதில் 100 டெசிபலைத் தாண்டும். அதோடு போட்டி போட 5 வாட் ஆம்பை முழுக்க ஏற்ற வேண்டும். முழுக்க ஏற்றினால் எல்லாப் பாட்டும் ஒரே கரகரப்புத்தான். மெதுவான மெலடிக்குச் சுத்தமான கார்ட் ஒன்று வேண்டும் என்றால் கிடைக்காது, கீழ்த் தந்திகள் கொழகொழக்கும். இதற்கு நான் கண்ட தீர்வு: டிரம்மரைப் பிரஷ்ஷால் வாசிக்கச் சொன்னேன். குத்துப் பாட்டுக்கும் பிரஷ். “ஏன் மச்சான், உன் ஆம்ப் சின்னதுன்னா நான் ஏன் தடவிக்கிட்டு இருக்கணும்?” என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. “டைனமிக்ஸ் மச்சான்” என்றேன். ஹெட்ரூமுக்குப் பதில் புதுச் சொல் கிடைத்திருந்தது.

ட்வின் காலத்தில் பாடகி எனக்காகக் கத்தினார், 5 வாட் காலத்தில் டிரம்மர் எனக்காக அடங்கினான். இரண்டிலும் அசையாமல் நின்றவன் நான் ஒருவன். எளிமை என்று எல்லோரும் பாராட்டியதால் இரண்டாவது ஆணவத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நாள் பிடித்தது.

அங்கிள்தான் மறுபடி வாயைத் திறந்தார். “ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி ரூமைப் பாரு மேன். அப்புறம் அவ பாடறதைக் கேளு. அப்புறமா கடைக்குப் போ.” அதன்படி முதன்முறையாக என் கிட்டார் இல்லாமல் ஒரு ஒத்திகையைக் கேட்டேன். பாடகியின் குரல் கீழ் ஸ்தாயியில் எவ்வளவு மெல்லியது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ ஷோ சேர்ந்து வாசித்தபின்.

இப்போது வைத்திருப்பது ஃபெண்டர் ப்ரின்ஸ்டன் ரிவெர்ப். 12 வாட், இரண்டு 6வி6 டியூப், பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பதினைந்து கிலோ சொச்சம். நம் ஊர் வோல்ட்டேஜ் மாடல். ரிச்சி தெரு டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வீட்டில் கதவு சாத்தாமல் முட்டுக்கொடுக்கிறது. 12 வாட் என்பது மந்திர எண் இல்லை. டிரம்மர் கைபலம் உள்ளவர் என்றால் 15 முதல் 22 வாட் வரை போகலாம். அதற்கு மேல் ஐம்பது பேர் இடத்தில் எந்த நியாயமும் இல்லை என்பது என் கட்சி.

வாட் எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தவன் ஸ்பீக்கரை மறந்துபோனேன் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதை ஸ்பீக்கர் செய்கிறவர்களே போடுகிறார்கள். செலஸ்டியன் கிரீன்பேக் 98, அதே கம்பெனியின் வின்டேஜ் 30-உம் ஆல்னிகோ புளூவும் 100, ப்ரின்ஸ்டனில் வரும் ஜென்சன் சி10ஆர் 95-ஐ ஒட்டி. 95-க்கும் 100-க்கும் இடையில் இருப்பது சக்தியில் மூன்று மடங்கு வித்தியாசம். 5 வாட் ஆம்பைத் திட்டிக்கொண்டிருந்தபோது அதில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் பெட்டியோடு இணைத்திருந்தால் 15 வாட் போல் ஒலித்திருக்கும். ஓம் எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரே இணைக்காமல் டியூப் ஆம்பை வாசித்துப் பார்க்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அட்டெனுவேட்டர் என்று ஒன்று நடுவில் போடுகிறார்கள். ஆம்ப் தருகிற சக்தியில் பெரும்பகுதியை அது சூடாக்கிக் கழித்துவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். நானும் வாங்கிப் பார்த்தேன். நிறையக் கழித்தால் ஒலி போர்வை போர்த்திக்கொள்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்டாண்ட் வாங்கியிருக்கலாம்.

ஸ்டாண்ட் பிறகு வாங்கினேன். ஆம்பை உயர்த்தி, என் காதைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். அதுவரை நான் 4-இல் வைத்திருந்த ட்ரெபிள் அன்றே 2-க்கு இறங்கியது. எனக்கே காது வலித்ததுதான் காரணம். இத்தனை காலம் அதை வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பரிமாறும் ஊழியர்களும் உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்சார் ஆரோக்கிய நிறுவனமான நியோஷின் பரிந்துரை. சாப்பிட வந்தவர் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். என் ஸ்பீக்கருக்கு நேரே இருந்த மேசையைக் கவனிக்க நிறுத்தப்பட்டவர் இரவு முழுக்க அங்கேதான் நின்றார். அவரிடம் நான் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. தண்ணீர் மட்டும் கேட்டிருக்கிறேன்.

டியூப் ஆம்பே எதற்கு, கையடக்கமான டிஜிட்டல் கருவி ஒன்றைப் போட்டு நேரே மிக்ஸருக்குக் கொடுத்தால் ஆகாதா என்று டிரம்மர் அடிக்கடி கேட்கிறான். ஆகும். எதிரே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. விரல் அழுத்தத்துக்கு டியூப் ஆம்ப் பதில் சொல்லும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் தூக்கிக்கொண்டு போகிறேன். இதை என் ஆசை என்று சொல்லப் பழகியிருக்கிறேன். இசைக்குத் தேவை என்று சொல்வதை விட்டுவிட்டேன். கடைசிப் பாட்டில் கை தானாக வால்யூம் பக்கம் போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. பாடகி திரும்பிப் பார்த்தால் இறக்கிவிடுவேன். பார்க்காவிட்டால் இறக்குவதில்லை.

அந்தப் பையனைப் பல வருடம் கழித்து ஒரு கல்லூரி விழாவில் பார்த்தேன். பெரிய மேசை, கீழே இரண்டு உதவியாளர்கள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். ஓரமாகக் கூப்பிட்டுப் போய், மானேஜரிடம் நான் சொன்னதைச் சொன்னேன்.

“தெரியும்ணே. அவரே என்கிட்ட சொல்லிட்டுதான் அனுப்பினாரு.”

அந்த வேலையை நம்பி தவணையில் மிக்ஸர் வாங்கியிருந்தானாம். கட்ட முடியாமல் திருப்பிக் கொடுத்தானாம். புலம்பலாக இல்லை, போகிற போக்கில் சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. “இப்ப என்ன ஆம்ப்ணே?” என்று கேட்டான். 12 வாட் என்றேன்.

“அந்த எடத்துக்கு அதுவே ஜாஸ்திண்ணே” என்றான்.

கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மைக் கூவினால், சவுண்ட் மேசைப் பக்கம் முறைப்பதற்கு முன் உங்கள் ஆம்பை ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டு, பாடுகிறவரை ஒரு வரி பாடச் சொல்லுங்கள். மானிட்டரைக் குறைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். குறைக்கலாம் என்றால், மானேஜர் வந்து விசாரிக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.